ஒரு சொம்புத் தண்ணி

அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க தம்பி. தொந்தரவெல்லாம் இல்ல. குத்துச்சண்ட பத்திதான பேசுதானுவ? பஸ் எடுத்ததுலருந்து ஒரு கண்ண உங்க போன்லதான் வச்சிருக்கேன். என்ன சொல்லுதான் அந்தக் கண்ணாடிக்காரன்? இங்கிலீசு எனக்குப் பாதிதான் வெளங்குது.

ஆங். சாம்பியன், தனக்குச் சரியான எதிராளி நல்ல தெம்புல இருந்தப்போ அவன் பக்கமே போகலயாக்கும். வயசாகிக் கை தளந்த பெறகு வா சண்டைக்குன்னு கூப்பிட்டானாக்கும். சரியாச் சொல்லுதான். கண்ணாடிக்காரனுக்கு வெவரம் இருக்கு. அந்தத் தாடிக்காரன் என்ன, அப்படியெல்லாம் இல்லங்கானா? அவன் ரிங்ல ஏறுனவனே கெடையாது தம்பி. மூக்கப் பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு.

என் மூக்கப் பாருங்க. இந்த எடத்துல. சும்மா தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. உள்ள எலும்பு ரெண்டா இருக்கா? இதுதான் அனுபவம்ங்கது.

நீங்க மதுரையா? பையப் பாத்தா மருந்துக் கம்பெனி மாதிரி தெரியுது. நானும் மதுரைக்குத்தான். மக வீட்டுக்கு. பேரனுக்குக் காய்ச்சல், திடீர்னு கெளம்ப வேண்டியதாப் போச்சு. இல்லேன்னா இன்னைக்கு நான் ஊர விட்டு நகரக்கூடாத நாளு. அது ஒரு பெரிய கத, வாரேன்.

என் பேரு தொபியாஸ். தூத்துக்குடியில கடக்கரப் பக்கம் எந்த டீக்கடையிலயும் போயி, கித்தேரியான் பெரிய ஆளா தொபியாஸ் பெரிய ஆளான்னு கேட்டுப் பாருங்க. கேட்டுட்டுத் தள்ளி நின்னுக்கிடணும். டம்ளர் பறக்கும். எங்களுக்குத் தல நரச்சும் இன்னும் பறக்குது.

கித்தேரியான் எங்க ஊரு சாம்பியன். மாநிலத்துல நாலு தடவ தங்கம். அவன் வீட்டு ஹால்ல ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள லைட்டு வேற. நகக் கட மாதிரி இருக்கும். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஒரே தெரு, ஒரே கிளப்பு, ஒரே மாஸ்டர். எடையும் ஒண்ணுதான், அம்பத்தேழு கிலோ. ஆனா போட்டின்னு வந்து நானும் அவனும் ஒரு நாளும் நேருக்கு நேரா நின்னது கெடையாது. ஏன் நிக்கல? யாரு நிக்கல? அதான் டீக்கடையில கேள்வி.

அவன்தான் நிக்கல தம்பி. எனக்குப் பயந்துட்டு ஓடுனான். நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

இதுல வேடிக்க என்னன்னா அவன் என் மச்சான். அவன் தங்கச்சி அமலோற்பவத்தத்தான் நான் கெட்டியிருக்கேன். சிரிக்காதிய. அந்தக் கொடுமைய அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். எங்க வீட்டுல சாமி படம், அதுக்குப் பக்கத்துல அவ அண்ணன் படம். கையில கிளவுசு, கழுத்துல மெடலு. என் படம்? பீரோவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு, கல்யாண படம். ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு அவன் வந்துருவான். வந்தா போதும், இவளுக்குக் காலு தரையில நிக்காது. விளமீன் கொழம்பு வச்சிருப்பா. எங்க பக்கம் அந்த மீனுல தலைக்குத்தான் மரியாத. அந்தத் தல யாரு தட்டுல விழும்னு நெனைக்கிய? நானும் முப்பது வருசத்துக்கு மேலா பாக்கேன். எனக்கு நடுத்துண்டு. நல்ல துண்டுதான், இல்லங்கல. ஆனா தல தலதான்.

சாப்பிடும்போது என் எதுத்தாப்புல உக்கார மாட்டா. அவனுக்கு வலது பக்கமாப் போயி உக்காந்துக்கிடுவா. ஏன்னா அவனுக்கு எடது காது சுத்தமாக் கேக்காது. "அண்ணனுக்குக் காது கேக்காதுல்லா, நான் பக்கத்துல இருந்தாத்தான் பேச முடியும்"பா. எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது. எங்கிட்ட என்ன பேசிக் கிழிச்சா? "ரேசன் கடைக்குப் போனியளா"ன்னு கேப்பா.

வயித்தெரிச்சல்னு சொல்லுவா என்ன. "ஒங்களுக்கு எங்க அண்ணன் மேல வயித்தெரிச்சல்." வயித்தெரிச்சல் இல்ல தம்பி. நியாயம் கேக்கேன். அவ்வளவுதான்.

சரி, நடந்தத வரிசையாச் சொல்லுதேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. படிச்சவிய.

எங்க மாஸ்டர் தல்மேதா, பட்டாளத்துல இருந்து வந்தவரு. அவரு கிளப்புல ஒரு சட்டம். கிளப்புல இருந்து ஒரு எடைக்கு ஒரு ஆளுதான் மாநிலப் போட்டிக்குப் போலாம். அம்பத்தேழுக்கு ஒருத்தன், அறுவதுக்கு ஒருத்தன், அறுவத்திமூணரைக்கு ஒருத்தன். ஒரே எடையில ரெண்டு பேரு இருந்தா உள்ளூர்லயே மோதிப் பாத்து ஜெயிச்சவனத்தான் அனுப்புவாரு. நாங்க ரெண்டு பேரும் அம்பத்தேழு. அப்போ என்ன நடக்கணும்? மோதணும். ஊரே காத்துக்கிட்டிருக்கு. வலை காயப்போட்டவன் வலைய எடுக்காம இதப் பேசிக்கிட்டிருக்கான்.

மாஸ்டர் பேர எழுதும்போது இவன் என்ன செஞ்சான்? "மாஸ்டர், தொபியாஸ் அம்பத்தேழுல நிக்கட்டும், நான் அறுவதுக்குப் போறேன்" அப்படின்னான். கூசாமச் சொன்னான். நான் பக்கத்துலதான் நிக்கேன். மாஸ்டர் என்ன ஒரு பார்வ, அவன ஒரு பார்வ பாத்துட்டு எழுதிக்கிட்டாரு.

இப்போ சொல்லுங்க. மூணு கிலோ கூடுதலா உள்ளவன்கூட மோதுதேங்கான், எங்கூட மோத மாட்டேங்கான். இதுக்குப் பேரு என்ன? அந்தக் கண்ணாடிக்காரனக் கேளுங்க, சொல்லுவான்.

அந்த வருசம் மாநிலப் போட்டியில நான் மொதச் சுத்துல வெளிய வந்துட்டேன். எதிராளி நாகர்கோவில்காரன். அங்க நடுவரா இருந்தவரு அவனுக்குச் சொந்தம்னு பெறகு கேள்விப்பட்டேன். யாரு சொன்னான்னு இப்போ ஞாபகம் இல்ல. இவன் அறுவதுல தங்கம் வாங்கிட்டு வந்துட்டான். ரயில்வே ஸ்டேசன்ல இருந்து கோயில் வரைக்கும் தோள்ல தூக்கிட்டுப் போனானுவ. அவன் ஒரு காலு என் தோள்ல. ஆமா, நானுந்தான் தூக்குனேன். பின்ன, ஊரு பாக்குதே. என் காதுக்குப் பக்கத்துல அவன் ஷூவு. எறக்கிவிட்ட பெறகு, "மாப்பிள, அடுத்த வருசம் ஒனக்கு"ன்னு என் கையப் பிடிக்கான். அந்த வார்த்தய நான் இன்னைக்கும் மறக்கல. நீ யாருல எனக்குக் குடுக்க?

தண்ணியா? வேண்டாம் தம்பி. பயணத்துல நான் தண்ணி குடிக்கது இல்ல. எட்டயபுரம் தாண்டிட்டமா? ஆங், தாண்டியாச்சு.

மறுவருசம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்குப் பயந்து ஓடுனவன் அறுவதுல சாம்பியன்னா, அறுவதுல உண்மையான சாம்பியன் யாரு? கணக்குப் போட்டுப் பாருங்க. நாந்தான! அதனால நானும் அறுவதுக்குப் பேரு குடுத்தேன். இந்தத் தடவ எங்க ஓடுவ பாப்போம்னு.

ஆனா அறுவதுல நிக்கணும்னா அம்பத்தேழுக்கு மேல எட காட்டணும், அறுவதத் தாண்டவும் கூடாது. என் ஒடம்பு வாகு, கல்லத் தின்னாலும் ஒட்டாது. பழையது, முட்ட, வாழப்பழம், தேங்கான்னு எங்கம்மா ஊட்டாத கொறையா ஊட்டுனா. ரெண்டு மாசம் தின்னு எட போட்டா அம்பத்தாறேகால். முன்ன இருந்ததவிடக் கொறஞ்சிருக்கு! வயித்தால போயிருச்சு, அதான்.

அப்போதான் எங்கப்பா வலை கண்ணுல பட்டுது. வலை தண்ணியில தாழுததுக்கு ஓரத்துல ஈயக்குண்டு கோத்திருப்பாங்கள்ல? புளியங்கொட்ட தண்டிதான் இருக்கும், நல்ல கனம். ஒரு பழைய வேட்டியக் கிழிச்சு நீளமா மடிச்சுத் தச்சு, அதுக்குள்ள ஈயக்குண்ட ரொப்பி இடுப்புல கெட்டிக்கிட்டேன். மேல டவுசரு. உள்ளூர்ல டவுசரோடதான் எட போடுவாரு மாஸ்டர். தப்புன்னு சொல்லாதிய, அந்தக் காலத்துல எல்லாரும் ஏதாவது ஒண்ணு செய்யத்தான் செய்வான். கொறைக்கணும்னா போர்வையச் சுத்திக்கிட்டு உச்சி வெயில்ல ஓடுவான். கூட்டணும்னா இது. நம்ம ஊரு ஈயம், நம்ம ஊரு ஒடம்பு, இதுல என்ன தப்பு?

எட போடுத அன்னைக்குக் காலையில கிளப்புக்குப் பின்னால துணி மாத்துத எடம். நானும் அவனும்தான் நிக்கோம். குனிஞ்சு ஷூவக் கெட்டுதேன், தையல் பிரிஞ்சிருச்சு. ஒரு குண்டு தெறிச்சு விழுந்து, சிமிண்டுத் தரையில கடகடன்னு உருண்டு போயி அவன் காலுக்குப் பக்கத்துல நின்னுச்சு.

எடுத்தான். பாத்தான். என் இடுப்பப் பாத்தான். மாஸ்டர்ட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஆயுசுக்கும் என்ன கிளப்புப் படி ஏற விடமாட்டாரு. அது மட்டுமில்ல, அப்போ கோயில்ல எனக்கும் அமலிக்கும் ரெண்டு ஓல வாசிச்சு முடிஞ்சிருக்கு. கல்யாண அறிவிப்பு, மூணு ஞாயித்துக்கிழம வாசிப்பாங்கள்ல. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.

கித்தேரி கிட்ட வந்தான். அந்தக் குண்ட என் உள்ளங்கையில வச்சு என் வெரல மடக்கி விட்டான். "நல்லா இறுக்கிக் கெட்டு மாப்பிள"ன்னான். போயிட்டான்.

நான் இறுக்கிக் கெட்டிக்கிட்டுப் போயி தராசுல ஏறுனேன். அம்பத்தெட்டு காட்டுச்சு. மாஸ்டர் "சரி"ன்னாரு. எறங்கிட்டேன். அடுத்து அவன்.

அங்கதான் தம்பி அவன் புத்தியக் காட்டுனான். கேளுங்க. எட போடுததுக்கு முந்தி எங்கள்ல ஒருத்தன் எச்சி முழுங்க மாட்டான். மொத நாளு மத்தியானத்துல இருந்து பல்லுல தண்ணி படாது. வாய் கொப்பளிச்சாக்கூடத் துப்பிட்டு நாக்கத் துணியால தொடச்சிக்கிடுவோம். அப்படி ஒரு வெரதம். அவன் சரியா அறுவதுக்கு ஒரு நூலு கீழ இருக்கான், எனக்குத் தெரியும். மொத நாளு சாயங்காலம் போட்டுப் பாத்தத நான் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். இவன் தராசுக்குக் கிட்ட வந்தவன், திரும்பி, மூலையில மண்பானைக்கிட்டப் போயி, ஒரு பெரிய சொம்புத் தண்ணிய மோந்து மடமடன்னு குடிச்சான். நெஞ்செல்லாம் வழியுது. குடிச்சு முடிச்சு, வாயத் தொடச்சிட்டு, வந்து தராசுல ஏறுனான். முள்ளு அறுவதத் தாண்டிப் போயிருச்சு.

மாஸ்டர் கத்துனாரு. "ஏல கித்தேரி, என்னல செஞ்ச? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"தாகம் மாஸ்டர்"னான்.

தாகமாம்! ஊருல ஒருத்தன் நம்புவானா? ஈயக்குண்டப் பாத்ததும் அவனுக்குப் பயம் வந்துருச்சு தம்பி. இவன் எந்த எல்லைக்கும் போவான், இவன்கூட நின்னா உசுரு மிஞ்சாதுன்னு பட்டிருக்கு. அதான். வேற என்ன?

என்ன அப்படிப் பாக்கிய? நீங்களும் அவனுவ மாதிரிச் சொல்லப் போறியளா? டீக்கடையில அவன் கட்சிக்காரனுவ ஒரு கத வச்சிருக்கானுவ. தங்கச்சியக் கெட்டப் போறவன் மூஞ்சிய ஒடைக்கக் கூடாதுன்னு வெலகிட்டானாம். நான் அம்பத்தாறு கிலோ, அவன் அறுவது, நின்னிருந்தா நான் ஒரு ரவுண்டு தாங்கியிருக்க மாட்டேனாம். எல்லாம் பெறகு சோடிச்ச கத. என் எட அம்பத்தாறுன்னு இவனுவளுக்கு எப்படித் தெரியும்? தராசு அம்பத்தெட்டுல்ல காட்டுச்சு.

அவன் அந்த வருசம் அறுவத்திமூணரைக்குப் போனான். அங்க உள்ளவனெல்லாம் எரும மாடு மாதிரி இருப்பான். அதுலயும் தங்கம். இறுதிப் போட்டியில ஒரு மெட்ராஸ்காரன் காதோட சேத்து ஒண்ணு விட்டான், அதோட எடது காது போச்சு. போனது போனதுதான். எனக்கு என்ன வந்துது? யாரு அவன அங்க போகச் சொன்னா? எங்கூட அறுவதுல நின்னிருந்தா ரெண்டு காதும் இருந்திருக்கும்.

நானா? நான் அறுவதுல போனேன். மொதச் சுத்துதான். அன்னைக்கு எனக்கு ஒடம்புக்குச் சரியில்ல.

மூக்கா? இது யாரு ஒடச்சதுன்னு கேக்கியளா?

இது... பயிற்சியில. அது கணக்குல வராது தம்பி. மொத வருசம், பேரு எழுதுததுக்கு ஒரு வாரத்துக்கு முந்தி, மாஸ்டர் சும்மா ஒரு ரவுண்டு எங்க ரெண்டு பேரையும் விட்டுப் பாத்தாரு. யாரும் இல்ல, கதவச் சாத்தியாச்சு. அவன் எடது கைய நீட்டுனான், நான் ஒதுங்குனேன், தரையில தண்ணி கெடந்துது, வழுக்கிருச்சு. வழுக்குன நேரம் அவன் கை மூக்குல பட்டுருச்சு. மாஸ்டர் முகத்துல தண்ணி தெளிச்சுத்தான் எழுப்புனாரு. அதப் போயி யாராவது போட்டின்னு சொல்லுவானா? அந்த அடியில இருந்துதான் அவனுக்கு எம்மேல ஒரு பயம்.

இருங்க, போன் அடிக்குது. மக.

ஆங், சொல்லும்மா. பஸ்ஸுலதான். ஆமாம்மா, வந்துக்கிட்டிருக்கேன். எதுக்கா? பேரனப் பாக்கத்தான். என்னது, நேத்தே சரியாயிருச்சா? டியூசனுக்கா போயிருக்கான்? காய்ச்சக்காரனப் போயி ஏம்மா டியூசனுக்கு அனுப்புத? சரி சரி, வந்து பேசுதேன். ஒங்கம்மாட்ட ஒண்ணும் சொல்லாத. வைக்கேன்.

பிள்ளைகளுக்கு இப்பல்லாம் பொறுப்பே இல்ல தம்பி.

எங்க விட்டேன்? ஆங், இன்னைக்கு. இன்னைக்கு எங்க கிளப்புக்குப் பொன்விழா. புதுசா வந்த பயலுவதான் நடத்துதானுவ. ரெண்டு மாசத்துக்கு முந்தி அதுக்காக ஒரு கூட்டம் போட்டானுவ. நானும் போயிருந்தேன், அவனும் வந்திருந்தான். ஒரு பய எந்திரிச்சுக் கேட்டான், "மாமா, ஒங்க ரெண்டு பேருல யாரு பெரிய ஆளு, இன்னைக்காவது சொல்லுங்க"ன்னு. எல்லாரும் கை தட்டுதானுவ. கித்தேரி மைக்க வாங்குனான். மெதுவாத்தான் பேசுவான் அவன். "தொபியாஸ்கூட நின்னிருந்தா நான் தோத்திருப்பேன். அதனாலதான் நிக்கல"ன்னான்.

அவ்வளவுதான். அதத்தான நான் இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்? அவன் வாயாலயே வந்துருச்சு. நான் குதிச்சிருக்கணும்ல? ஆனா அந்தப் பயலுவ மூஞ்சியப் பாக்கணுமே தம்பி. ஒருத்தன் என்னப் பாக்கல. எல்லாரும் அவனையே பாக்கானுவ. ஒருத்தன் போயி அவன் காலத் தொட்டுக் கும்பிடுதான்! தோத்திருப்பேன்னு சொன்னவன் காலத் தொடுதான்! ஜெயிச்சவன் நான் ஓரமா பிளாஸ்டிக் நாக்காலியில உக்காந்திருக்கேன். எனக்கு நெஞ்செரிஞ்சுது பாருங்க, அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

விட்டேனா நான்? எந்திரிச்சு, "வாயால சொன்னாப் பத்தாது, ரிங்ல ஏறு"ன்னேன். மூணு ரவுண்டு. சும்மா காட்சிக்குத்தான், ஆனா நெசமான கிளவுசு, நெசமான மணி. பயலுவ விசிலடிச்சானுவ. அதோட நான் இன்னொண்ணும் சொன்னேன். மொறப்படி எட போடணும். எழுவத்தஞ்சு கிலோவுக்கு ஒரு பொட்டு கூடுனாலும் தோத்ததாக் கணக்கு. நான் அறுவத்தெட்டு. அவன் எம்பதுக்கு மேல, தொப்ப வேற. முடியாதும்பான், அதோட கத முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

"சரி மாப்பிள"ன்னுட்டான்.

சொல்லிட்டுச் சும்மா இருந்தானா? மறுநாள்ல இருந்து விடிகாலையில கடக்கரையில நடக்கான். சோத்த நிப்பாட்டிட்டான். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்தா கொழம்பு வேண்டாங்கான், ரெண்டு இட்லி போதுங்கான். இவ அழுதா. "இந்த வயசுல எங்க அண்ணன ஏன் இப்படிப் படுத்துதிய"ன்னு எங்கிட்டச் சண்ட. நானா படுத்துதேன்? அவனா மெலிஞ்சான். ரெண்டே மாசத்துல எழுவத்தஞ்சுக்கு வந்துட்டான். பழைய எடது கை, அப்படியே இருக்குன்னு பயலுவ வந்து சொல்லுதானுவ. மணல் மூட்டையில அவன் குத்துத சத்தம் தெருவுக்குக் கேக்குதாம்.

ஊரு முழுக்கப் போஸ்டர் ஒட்டியாச்சு. அவனுக்கு மெடலோட படம். எனக்கு பாக்ஸிங் படமே இல்லன்னு கல்யாண படத்துல இருந்து என் தலைய மட்டும் வெட்டிப் போட்டிருக்கானுவ. கழுத்துல மால. பாத்தவன் எனக்கு அஞ்சலிப் போஸ்டர்னு நெனைப்பான்.

அஞ்சு மணிக்கு எட. ஆறு மணிக்குச் சண்ட.

ஆமா தம்பி, இன்னைக்குத்தான். இன்னைக்குச் சாயங்காலந்தான்.

அப்போ நீங்க ஏன் இந்தப் பஸ்ஸுல இருக்கியன்னு கேக்கிய. கேப்பியன்னு எனக்குத் தெரியும். பேரனுக்குக் காய்ச்சல்னு சொன்னேன்ல? காலையில அப்படித்தான் தகவல். அது போக, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவனுக்கு இப்போ மூட்டு வலி, ஒரு காது கேக்காது. இவன நான் இப்போ அடிச்சா எனக்கு என்ன பெரும? கெழவனப் போட்டு அடிச்சான்னுதான் பேசுவானுவ. நல்ல வயசுல, நல்ல தெம்புல இருந்தப்போல்ல அவன் வந்திருக்கணும்? வயசாகுத வரைக்கும் காத்திருந்துட்டு இப்போ வாங்கான். கண்ணாடிக்காரன் சொன்னான்ல, அதேதான்! அதுக்கு நான் போயி மாட்டிக்கிடணுமா? நான் போகாம இருக்கது ஓடுதது இல்ல தம்பி. அது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணாக்காதிய.

சிரிக்கியளா? இல்லியா? சரி, எனக்கு அப்படித் தெரிஞ்சுது.

இப்போ மணி என்ன? அஞ்சேகாலா? அப்போ எட போட்டு முடிச்சிருப்பானுவ. என்னக் காணோம்னு தேடுவானுவ. வராட்டி மொற என்ன தெரியுமா? வந்தவன் ரிங்கு நடுவுல தனியா நிக்கணும். மணி அடிப்பாங்க, எதுத்த மூலையில யாரும் இல்லன்னு கை காட்டிட்டு அவன் கையத் தூக்கி விட்ருவாங்க. அந்த ஒரு நிமிசம் ஊரே அந்தக் காலி மூலையத்தான் பாக்கும். பாக்கட்டும். எனக்கு என்ன.

இந்தா, அடிக்குது பாருங்க. அமலி. எடுக்கவா? நீங்க எடுத்து, தப்பான நம்பருன்னு சொல்லுதியளா? வேண்டாம், எடுக்கேன். அவளுக்கு என்ன, அண்ணன் கையத் தூக்கப் போறாவன்னு சொல்லத்தான் கூப்பிடுவா.

ஆங், சொல்லு அமலி. சத்தம் கேக்கல, பஸ்ஸு. எங்க இருக்கேனா? அத விடு, அங்க என்ன நடக்கு, அதச் சொல்லு. எட போட்டாச்சா? எவ்வளவு? எழுவத்தஞ்சேகாலா? எப்படி? காலையில சரியா இருந்தான்னு சொன்ன?

என்னது?

திரும்பச் சொல்லு. தண்ணியா? மேடையில வச்சா? எல்லாரும் பாக்க?

சொம்புலயா?

அது சரி... மைக்ல என்ன சொன்னான்? "எனக்கு எட கூடிருச்சு, தொபியாஸ் ஜெயிச்சான், இனி யாரும் இதப் பேசக்கூடாது." அப்படியா சொன்னான்? நான் வரலன்னு யாரும் கேக்கலியா? ஓ. எட போடுததுக்கு முந்தியே சொல்லிட்டானா? "பேரனுக்கு ஒடம்பு சரியில்ல, மாப்பிளைய நாந்தான் மதுரைக்கு அனுப்புனேன்"னா? நான் பஸ் ஏறுனத எவனோ அவன்ட்டச் சொல்லிட்டானாக்கும்.

பாத்தியளா தம்பி, பாத்தியளா! நான் சொல்லல? ஓடிட்டான்! திரும்பியும் ஓடிட்டான்! கடைசி நேரத்துல தண்ணியக் குடிச்சு... ஊரே பாக்க... நீங்களே சாட்சி. இனிமே எவனாவது வாயத் தொறப்பானா?

இல்ல அமலி, ஒன்னச் சொல்லல. பக்கத்துல ஒரு தம்பி இருக்காரு. அழுதியா? எதுக்கு அழுத? நாந்தான ஜெயிச்சிருக்கேன், சந்தோசமா இரு. என்ன? கொழம்பா? ஆமா, விளமீனு. சரி, அவனுக்குப் போடு. பாவம், ரெண்டு மாசமாச் சாப்பிடல. நல்லாப் போடு. என்ன எடுத்து வைக்கணுமா? எத?

தலையவா?

எனக்கா? நீயா சொல்லுத?

அவனா சொன்னான்.

சரி. வை.

இல்ல தம்பி, ஒண்ணுமில்ல. தூசி. சன்னலச் சாத்துங்க.

ஒரே ஒரு தடவ. ஒரு தடவ எங்கூட நின்னு, கதவத் தொறந்து வச்சு, ஊரு பாக்க என்ன அடிச்சுக் கீழ போட்டிருக்கலாம்ல அவன்? பத்து எண்ணியிருப்பாங்க. நான் எந்திரிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு, மத்தவன் மாதிரி என் சோலியப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். தோத்தவனுக்கு அப்படி ஒரு வழி இருக்கு. நாலு மெடலு அவனுக்கு. எம்பொண்டாட்டி பாதி அவனுக்கு. எல்லாத்தையும் வச்சுக்கிட்டு, இந்த ஒண்ண மட்டும் எங்கையில திணிச்சுத் திணிச்சு வெரல மடக்கி விடுதான். நான் இத வச்சு என்ன செய்ய?

என்ன நீட்டுதிய? தண்ணியா?

வேண்டாம் தம்பி. உள்ள வைங்க. எனக்குத் தாகமில்ல.